நடுவில் ஒரு காலி வண்டி

எழுபதுகளில் ஊர் ஊராகத் திரிந்த நான், மாமல்லபுரம் பொருட்காட்சியில் ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர் ஒருவரிடம் சோற்றுக்கு வேலை பார்த்தேன். கீற்றுக் கொட்டகையில் அவருடைய பொம்மை எண்ணெய் ரயில் ஓடும். எஞ்சினில் ஸ்பிரிட் விளக்கு எரியும். பின்னால் தகர டேங்கர்கள்.

கறை வழிந்த டேங்கராகப் பொறுக்கி எஞ்சினுக்கு அடுத்தபடியாக மாட்டினார். அதுதான் நிஜமாகத் தெரியுமாம். கனத்துக்காக அதில் மண்ணெண்ணெயும் ஊற்றினார். செங்கல்பட்டு யார்டில், நெருப்பு தாவாமலிருக்க எஞ்சினுக்கு அடுத்து ஒரு காலி வண்டி மாட்டுவதைப் பார்த்திருக்கிறேன். அதைச் சொன்னேன்.

“பொம்மைக்கு இன்னாத்துக்குடா அது? அசிங்கமா கீது.”

ரயில் கிளம்பியது. குழந்தைகள் முன்னால் நெருங்கி நின்றார்கள். கறை இருந்த இடத்தில் ஈரம் மினுங்கியது.

“அண்ணாத்த, எண்ணெ நாறுது,” என்றாள் மீன்கூடையோடு நின்ற ஒருத்தி.

“ஆயில் வண்டி மல்லிப்பூவா மணக்கும்?” என்றார் அவர்.

எல்லோரும் சிரித்தோம். அடுத்த வளைவில் டேங்கர் பற்றிக்கொண்டு, தீ கீற்றை நோக்கி எழுந்தது. அவள்தான் கூடையை மூடியிருந்த ஈரச் சாக்கை உருவி, டேங்கர்மேல் போட்டு இரண்டு கையாலும் அமுக்கினாள். உள்ளங்கை வெந்துபோயிற்று.

“இனிமே மீன் நாறும், பரவால்லியா?” என்றபடி கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள். அவள் பேரைக்கூட யாரும் கேட்கவில்லை.

இன்றும் எந்த ஸ்டேஷனில் எண்ணெய் ரயில் வந்தாலும், எஞ்சினுக்கு அடுத்த வண்டியைப் பார்த்த பிறகுதான் பிளாட்பாரத்தில் உட்காருகிறேன்.