புத்தூரில் கதை கேட்டவர்

சினிமாப் பேச்சில் நான் அசந்த நேரம் பார்த்து எலும்பை இழுக்கப் பார்க்கிறார் என்றுதான் முதலில் நம்பினேன்.

புத்தூரில் முறிந்த கைக்குக் கட்டுப் போடுபவர் அவர். தடித்த கண்ணாடி. பச்சிலை அரைத்தே பச்சையாகிப்போன விரல்கள். திங்கட்கிழமை யார் போனாலும் ஒரே கேள்விதான்.

“சனி, ஞாயிறுல என்னா படம் பாத்தே நைனா?”

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கார் கம்பெனிகள் புதிதாக வந்த காலம். இரண்டு மாதத்தில் எனக்கு அங்கே வேலை. முறிந்த என் கை கூடாவிட்டால் அதுவும் போச்சு.

அவர் தொட்டதும் அலறிவிட்டுக் கண்ணை இறுக மூடிக்கொண்டே பதில் சொன்னேன்.

“திருப்பதியில ரெண்டு படம். தெலுங்குப் படத்துல சண்டை பரவால்ல. தமிழ்ப் படத்துல ஒரு பொண்ணு, ரெண்டு மாப்பிள்ளை. செகண்ட் ஆஃப்ல தூங்கிட்டேன், கிளைமாக்ஸுக்குத்தான் எழுந்தேன்.”

துணி சுற்றுவதெல்லாம் இழுப்பதற்கான ஏற்பாடு என்றே நினைத்தேன்.

“எப்பண்ணா இழுப்பீங்க?”

“நீ மொதல்ல கத்தினியே, அப்பவே இழுத்தாச்சு. கட்டும் போட்டாச்சு. ஞாயித்துக்கிழமையும் கட்டு போட்டுக்கினே இருக்கேன், தியேட்டருக்கு எங்க போறது? தூங்கி எழுந்து பாத்தியே, அந்தப் பொண்ணு யாரைக் கட்டிக்கிச்சு?”

கண்ணைத் திறந்தேன். என் கையை விடாமல் பதிலுக்குக் காத்திருந்தார். பின்னால் வரிசையும் காத்திருந்தது.

முடிவைச் சொல்லிவிட்டுத்தான் எழுந்தேன். கை ஒழுங்காகக் கூடியது, வேலையிலும் சேர்ந்தேன்.