சாயங்காலம் பார்க்கலாம் என்றவர்கள்

காட்டுக் கம்யூனிஸ்டுகளை அடக்க வெள்ளைக்காரன் அவசரகாலம் போட்டிருந்த நாட்களில், நியாலாஸ் பக்கம் எங்கள் தோட்டத்து ரப்பர் ஆலைக்கு இஞ்சின் பழுதுபார்க்க ஒரு வெள்ளைக்காரர் வந்தார். ஒடிசலான உடம்பு, வெளிறிய கண்கள். ஆட்களை ஏற்றிய லோரி எது போனாலும் வேலையைப் போட்டுவிட்டு வெளியே வந்து, அது மறையும்வரை பார்த்துக்கொண்டு நிற்பார்.

காட்டிலிருந்தவர்களுக்கு எங்களிடமிருந்து அரிசி போகக்கூடாதென்று எங்களை முள்வேலி போட்ட புது லயத்து வீடுகளுக்கு மாற்றிய அன்று, பட்டாளத்தார் ஆண்களை ஒரு லோரியிலும் பெண்களையும் பிள்ளைகளையும் இன்னொன்றிலும் ஏற்றினார்கள். அவர் ஓடிவந்து எங்கள் லோரியை மறித்தார்.

"பக்கத்துலதான் தொரை. சாயங்காலம் எல்லாரும் ஒண்ணா இருப்போம்லா" என்றேன்.

"என் அம்மாவும் அதான் சொன்னாங்க" என்றார், தோட்டத்தில் பழகிய அரைகுறைத் தமிழில். "நாங்க யூதர். அப்பா சப்பாத்து, செருப்பு தைக்கிற ஆள். ஜெர்மன்காரன் ரயில்ல கொண்டு போனான். ஆம்பளை இந்தப் பக்கம், பொம்பளை அந்தப் பக்கம். அம்மா, தங்கச்சி, அன்னிக்கே கொன்னுட்டான். அப்பா அப்புறம் பசியில செத்துட்டாரு."

பட்டாளத்தார் அவரை இழுத்துவிட்டு லோரியைக் கிளப்பினார்கள். புது லயத்தில் என் கணவர் எங்களுக்கு முன்பே வந்து அடுப்பு மூட்டியிருந்தார்.

சாயங்காலம் அந்த வெள்ளைக்காரர் வந்தார். ஒவ்வொரு வாசலிலும் நின்று உள்ளே எட்டிப் பார்த்தார்.

"உள்ள வாங்க தொரை, தேத்தண்ணி குடிங்க" என்றார் என் கணவர்.

அவர் வரவில்லை. கையை நீட்டி என் கணவரின் கன்னத்தைத் தொட்டார், பிறகு என் மகளுடையதை. எங்களைக் கண்ட நிம்மதி அந்த முகத்தில் துளியும் இல்லை. செத்தவர்களைக் கண்டவர் போலப் பின்பக்கமாகவே அடியெடுத்து விலகிப் போனார்.

அந்த வாசலில் அவர் யாரைப் பார்த்தார் என்று எனக்கு இன்றும் தெரியாது.