பாஞ்சாலியக்கா டூர் கிளம்புகிறார்

புளிசாதம் ஆறுவதற்குள் வாழையிலையைத் தணலில் வாட்டி எடுத்துவிடுகிறார் பாஞ்சாலியக்கா. சாதத்தை இலையில் வைத்து மடித்து, நாரால் கட்டி, மேலே செய்தித்தாள் சுற்றி மஞ்சள் பைக்குள் வைக்கிறார். இரண்டு பொட்டலம். பிறகு கல்யாணங்களுக்கு உடுத்தும் ஊதாச் சேலை, தலையில் கனகாம்பரம், காலில் புதுச் செருப்பு. போகிற இடம் அவருடைய சாமைக் காட்டுக்கு மேலே இருக்கும் பாறை. வாசலில் நின்றாலே தெரியும்.

"காட்டுக்குப் போக எதுக்குக்கா இவ்வளவு அலங்காரம்?" என்று ஒருமுறை கேட்டுவிட்டேன்.

"வேலைக்குப் போனா தூக்குல களி. டூர் போனா கட்டுச்சோறு. கட்டுச்சோறு கட்டிட்டா அப்புறம் அது காடு இல்ல டீச்சர், வேற ஊரு."

பள்ளிக்கூட வேலைக்காகக் காவலூருக்கு வந்து, அக்காவின் எதிர்வீட்டில் குடியிருக்கிறேன். என் ஞாயிற்றுக்கிழமைகள் துணி துவைப்பதில் கழிகின்றன. அக்காவுக்கோ அன்றைக்குத்தான் கால் தரையில் நிற்காது.

இந்த டூர் ஆசை தொற்றிய கதையை அவரே சொல்லியிருக்கிறார். வானாய்வு மையத்தைப் பார்க்கக் காரில் வந்த குடும்பம் ஒன்று வழியில் இறங்கி, சாமைக் கதிர்களைப் படம் எடுத்துத் தள்ளியதாம். அதில் ஒரு பெண், இங்கே பார்க்க என்ன இருக்கிறது என்று அக்காவைக் கேட்டிருக்கிறாள். "ஒண்ணும் இல்லம்மா, சாமைதான் கீதுன்ட்டேன். அன்னிக்கு ராத்திரி சோறு எறங்கல டீச்சர். இத்தினி வருசமா இதே ஊர்ல கீறேன். ஒண்ணும் இல்லன்னு எப்டி சொன்னேன்? நான் எங்க பாத்தேன்? குனிஞ்சா களை பறிப்பேன், நிமிந்தா வூட்டுக்கு வந்துடுவேன்."

அதற்குப் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. ஒரு வாரம் ஆலங்காயம் பஸ்ஸில் ஏறி, அதுவரை இறங்கியே இராத நிறுத்தத்தில் இறங்கி, ஒரு டீ குடித்துவிட்டு நடந்தே திரும்பினார். இன்னொரு வாரம் எதிர்ச்சரிவில் போய் உட்கார்ந்து சொந்த வீட்டையே பார்த்துவிட்டு வந்தார். "நம்ம வூட்டு ஓட்டு மேல ஒரு பூசணி காச்சிருக்குது. இங்க இருந்தா தெரியல, அங்க போனாத்தான் தெரியுது" என்று மூச்சு வாங்கச் சொன்னார். எங்கே போனாலும் ஊர்ப் பண்டம் இல்லாமல் திரும்புவதில்லை. போன மாதம் சீத்தாப்பழம் கொண்டுவந்து நீட்டி, "அந்த ஊர்ல இது ஃபேமசு" என்றார். அதே பழம் அவர் கொல்லையிலும் காய்த்துத் தொங்குகிறது. வாங்கித் தின்றேன், உண்மையிலேயே நன்றாக இருந்தது.

இதில் இரண்டாவது பொட்டலம் வேடியப்பன் அண்ணனுடையது. அக்காவின் கணவர். போன சீசனில் புளி உலுக்க ஏறியபோது கிளை முறிந்து கீழே விழுந்தார். கால் எலும்புக்குத் தகடு வைத்தார்கள். எலும்பு கூடிவிட்டது, மழை தொடங்குவதற்குள் வெளியே நடந்து பழகாவிட்டால் முழங்கால் இறுகிப்போய்விடும் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். அண்ணனோ வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்ததோடு சரி. "மரம் ஏறினவன் குச்சி ஊனிக்கினு போறான்னு நாலு பேரு பாக்கணுமா?" என்பார். அக்கா கெஞ்சிப் பார்த்தார், சண்டை போட்டுப் பார்த்தார். கடைசியில் விட்டுவிட்டார். பொட்டலத்தை மட்டும் விடவில்லை. ஒன்றைப் போன இடத்தில் சாப்பிடுவார், மற்றதை அப்படியே கொண்டுவந்து அண்ணன் மடியில் வைப்பார். "இங்கியே வெச்சிட்டுப் போனா அது வெறும் சோறு ஆயிடும்." அண்ணன் இலையை வழித்துச் சாப்பிடுவார்.

வெளியே கிளம்புகிறவரிடம் எங்கே என்று கேட்கக் கூடாது. கேட்டால் போகிற காரியம் விளங்காது. கேட்கத் தெரிந்தவர்கள் "தூரமா?" என்பார்கள். அண்ணனுக்கு இது தெரியாதா என்ன? ஆனாலும் ஒவ்வொரு ஞாயிறும் அக்கா படி இறங்கியதும், "எங்க போற?" என்று வேண்டுமென்றே கேட்பார். தலையில் அடித்துக்கொண்டு அக்கா திரும்பி வந்து, சகுனம் கழிய அவர் பக்கத்தில் சற்று உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பவும் கிளம்புவார். அந்த மனுஷனுக்கு வேண்டியது அந்தக் கொஞ்ச நேரம்தான் என்று நினைக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா பாறைக்குக் கிளம்பிப் படி இறங்கினார். அண்ணன் கேட்கவில்லை. குச்சியை எடுத்தார், எழுந்தார், ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார். அக்கா அசையாமல் நின்றார். ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்த பக்கத்து வீட்டுக் கண்ணாயிரம் எதையும் காட்டிக்கொள்ளாமல், "இன்னாண்ணா, தூரமா?" என்றார்.

"தூரந்தாம்பா."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கையில் சோப்பு நுரையோடு வாசலுக்கு ஓடிவந்தேன். என் நாக்கில் சனி உட்கார்ந்திருந்தது. "அண்ணா, எங்க போறீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

கண்ணாயிரம் என்னை முறைத்தார். "படிச்சவங்கதானே டீச்சர் நீங்க" என்றார். அக்காவின் முகம் வாடிப்போயிற்று. அண்ணன் திரும்பினார். படியில் மெதுவாக ஏறி, நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்தால் மதியச் சோற்றுக்குத்தான் எழுவார் என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். இனி அடுத்த ஞாயிறு மனசு வருமோ வராதோ.

அக்கா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அண்ணன் அவசரப்படாமல் குடித்துவிட்டு, காலிச் சொம்பை என்னிடம் நீட்டினார்.

"உக்காந்தாச்சு, தண்ணியும் குடிச்சாச்சு. இன்னும் இன்னாத்துக்கு மூஞ்சிய அப்டி வெச்சிக்கினு கீறீங்க டீச்சர்?"

குச்சியை ஊன்றி எழுந்தார். இந்த முறை சுவரைப் பிடிக்கவில்லை.

"நட பாஞ்சாலி, பஸ்ஸு போய்டப் போவுது" என்றார். அந்தப் பாறைக்கு எந்தப் பஸ்ஸும் போவதில்லை. அக்காவின் கையிலிருந்த மஞ்சள் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.