மாமிக்குப் பெல்ட் போட்டுவிட்ட நாள்

சித்தப்பாவின் கார் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்ற அன்று, அதைப் பார்க்க முதலில் வந்தவை கழுதைகள். மன்னார்க் கழுதைகளுக்கு நிழல் எங்கே விழுகிறது என்பது மட்டும்தான் கணக்கு. நிற்பது லொறியா, அரசாங்கக் கச்சேரி ஜீப்பா, சுவீடன் நாட்டுக் காரா என்ற பேதம் கிடையாது. மூன்று கழுதைகள் அதன் பக்கத்தில் ஒட்டி நின்றுகொண்டன. ஒன்று கதவில் முதுகைத் தேய்த்தது. சித்தப்பா அதட்டவில்லை. இந்தக் கார் இதற்கெல்லாம் அசையாது என்று அப்பாவிடம் பெருமையாகச் சொன்னார்.

அப்பாவின் தம்பியான அவர் சுவீடனில் அந்தக் கார்களைச் செய்கிற தொழிற்சாலையிலேயே வேலை பார்த்தார். பதினெட்டு வயதில் நாட்டைவிட்டுப் போனவர், போர் முடிந்து சில வருடங்கள் கழித்துத்தான் முதல்முறை திரும்பி வந்தார். அவருடைய கொழும்பு நண்பர் ஒருவரிடம் அதே கொம்பனியின் பழைய கார் ஒன்று இருந்தது. விடுமுறை முடியும்வரை அதை இரவல் வாங்கி மன்னாருக்கு ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். வேறு காரில் ஏற அவருக்கு மனம் வராதாம். கொம்பனியின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. சித்தப்பா அந்த ஒரு மாதம் செய்த விளம்பரமே அதற்குக் காணும்.

கார் சதுரமாக, மாப் பெட்டிக்குச் சில்லுப் பூட்டியது போல இருந்தது. பள்ளிமுனைக் கடற்கரைக்கு ஓட்டிப்போன முதல் நாளே மணலில் புதைந்தது. வலையில் மீன் பொறுக்கிக்கொண்டிருந்த எட்டுப் பேர் வந்து தள்ளினார்கள். இதற்குள் என்ன இரும்பா ஏற்றியிருக்கிறீர்கள் என்று அவர்கள் கேட்டபோது, கதவுக்குள் இரும்புச் சட்டம் இருக்கிறது என்று சித்தப்பா அங்கேயே விளக்கத் தொடங்கிவிட்டார். கொழும்பு நண்பருக்கும் அந்தக் காரால் தொல்லைதான். ஒரு கண்ணாடி உடைந்தால் மாற்றுக் கண்ணாடி கப்பலில் வர அரை வருடம். ஆனாலும் விற்கமாட்டேன் என்று நின்றார். ஒருமுறை புத்தளம் றோட்டில் அது உருண்டபோது, அவரும் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் யன்னலால் வெளியே வந்து சட்டையைத் தட்டிக்கொண்டு நின்றார்களாம்.

பின்னேரங்களில் முற்றத்தில் கதிரைகளைப் போட்டுச் சித்தப்பா சொன்ன பிரசங்கம் எங்கள் ஒழுங்கை முழுவதற்கும் பாடமாகிவிட்டது. அந்தக் காலத்துக் கார்ப் பெல்ட் வயிற்றைச் சுற்றி மட்டும்தான் இருந்ததாம். மோதினால் பெல்ட்டே ஆளின் குடலைக் கிழித்துவிடுமாம். விமானிகளுக்குக் கதிரை செய்துகொண்டிருந்த ஒருவரை இந்தக் கொம்பனி கூப்பிட்டு வேலைக்கு வைத்ததாம். அவர்தான் தோளிலிருந்து குறுக்கே இறங்கி இடுப்பையும் பிடிக்கிற பெல்ட்டைச் செய்தவர். அதன் உரிமை கொம்பனியிடம் இருந்தும், உயிர் காக்கிற சாமானைப் பூட்டி வைக்கக்கூடாது, யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்களாம். இந்த இடத்தில் சித்தப்பாவின் குரல் தழுதழுக்கும். அங்கே புதுக் கார்களுக்குள் பொம்மைகளை இருத்திச் சுவரில் மோத விட்டுப் பார்ப்பார்கள் என்றபோது, பக்கத்து வீட்டு மீன் வியாபாரி, மோதி உடைத்த கார்களைப் பிறகு யாருக்குக் கொடுப்பார்கள் என்று மிகுந்த அக்கறையோடு விசாரித்தார்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. சித்தப்பா எனக்கு ஒரு உத்தியோகம் கொடுத்தார். கார் புறப்படுமுன் எல்லோரும் பெல்ட் போட்டாயிற்றா என்று நான் பார்த்துச் சொல்ல வேண்டும். நான் ஓம் என்று சொல்லாமல் அவர் திறப்பைத் திருகமாட்டார். அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்தராத்திரியிலும் குடை பிடிப்பான் என்பார்களே, அது நான்தான். சந்திக் கடைக்குப் போக ஏறிய அப்பாவைக்கூட விடவில்லை. எனக்கு அடங்காத ஒரே ஆள் மாமி.

மாமி அப்பாவுக்குத் தங்கை, சித்தப்பாவுக்கு அக்கா. மன்னார்த் தீவுக்கு வெளியே, பெருநிலத்தில் வயல் செய்கிற ஊரொன்றில் கலியாணம் செய்து போனவர், போர் முடிந்து முகாமிலிருந்து விட்டபோது தனி ஆளாக எங்கள் வீட்டுக்கு வந்தார். வலது முழங்கைக்குக் கீழே குண்டுச் சிதறல் ஒன்று உள்ளே இருந்தது. அதை எல்லோரும் பீஸ் என்றுதான் சொல்வோம். மாமி எங்கே போனாலும் வாசலுக்குப் பக்கத்தில்தான் இருப்பார். பஸ்ஸில் கதவோரச் சீட்டு. ஞாயிறு பூசையில் கடைசி வாங்கு. சித்தப்பாவின் காரில் ஏறினால் ஒரு கை கதவுப் பிடியில் இருக்கும். பெல்ட் மட்டும் போடவே மாட்டார். சித்தப்பா கண்ணாடியில் பார்த்தால் அதை இழுத்து நெஞ்சுக்குக் குறுக்கே கையால் பிடித்துக்கொள்வார், பூட்டமாட்டார். மாமிக்கு எந்நேரமும் இறங்குகிற அவசரம் என்று நாங்கள் சிரிப்போம். மாமியும் சேர்ந்து சிரிப்பார்.

இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நீங்களும் எங்களைப் போலச் சிரித்துவிடுவீர்கள். மாமியின் கணவர் முன்னமே காய்ச்சலில் போய்விட்டார். ஊர் இடம்பெயர்ந்தபோது மாமிக்கும் ஏழு வயது மகளுக்கும் ஒருவருடைய உழவு இயந்திரப் பெட்டியில், மூட்டைகளுக்கு மேல், இடம் கிடைத்தது. கிடங்கும் பள்ளமுமான பாதை. நித்திரை கொள்ளுகிற பிள்ளை கீழே விழுந்துவிடக் கூடாதென்று, மாமி ஒரு சேலையைக் கிழித்து, அவளுடைய இடுப்பைச் சுற்றிப் பெட்டியின் கம்பியோடு கட்டினார். இரண்டு நாள் அந்த முடிச்சு பிள்ளையைக் காப்பாற்றியது. மூன்றாம் நாள் விமானச் சத்தம் கேட்டு எல்லோரும் குதித்து வாய்க்காலுக்குள் படுத்தார்கள். மாமி முடிச்சோடு நின்றார். இரண்டு நாள் குலுக்கத்தில் அது இறுகிப் போயிருந்தது. நகத்தால் பார்த்தார், பல்லால் பார்த்தார். மாமியின் கையில் பீஸ் ஏறியது அப்போதுதான். பிறகு யாரோ முடிச்சைக் கத்தியால் அறுத்துப் பிள்ளையை எடுத்தார்கள்.

மாமி இதை அம்மாவிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னாராம். தம்பிக்குச் சொல்லிவிடாதே, அவன் குளிர் நாட்டில் தனியாகக் கிடந்து அழுவான் என்று கேட்டுக்கொண்டாராம். ஆகவே பிள்ளை குண்டுவீச்சில் போனாள் என்பது மட்டும்தான் சித்தப்பாவுக்குத் தெரியும். எனக்கு அப்போது அதுவும் சரியாகத் தெரியாது. நான் வளர்ந்தபிறகு அம்மா சொன்னார்.

சித்தப்பா அந்த வருடம் வந்ததே மாமியின் கைக்காகத்தான். பீஸ் உள்ளே நகரத் தொடங்கி விரல்கள் மரத்துக்கொண்டு வந்தன. மாமி மீன் வெட்டுவதை இடது கைக்கு மாற்றி வெகுநாளாகிவிட்டது. இனியும் பிந்தினால் கை உதவாது என்று சொன்ன யாழ்ப்பாணத்து டொக்டர், ஒப்பரேஷனுக்கு ஒரு நாளும் கொடுத்துவிட்டார். மாமி பஸ்ஸில் போகிறேன் என்றார். வெட்டித் தைத்த கையோடு பஸ்ஸில் குலுங்கித் திரும்பி வர முடியாது என்று எல்லோரும் சொன்னோம். மாமி பிடிவாதமாக இருந்தார். அப்படியானால் ஒப்பரேஷனே வேண்டாம் என்றும் ஒருநாள் சொல்லிவிட்டார். அன்று சித்தப்பா பிரசங்கம் எதுவும் செய்யவில்லை. குசினி வாசலில் வந்து நின்று மெதுவாகச் சொன்னார்.

“அக்கா, நீங்கள் அவ்வளவு பட்ட நேரம் நான் அங்க காருக்குப் பெல்ட் பூட்டிக்கொண்டிருந்தனான். இதையாவது செய்ய விடுங்கோ.”

மாமி வெங்காயத்தை வைத்துவிட்டு அவரைப் பார்த்தார். சரி என்றார்.

விடியற்காலையில் புறப்பட்டோம். அப்பாவுக்குக் கந்தோரில் லீவு இல்லை. பாடசாலை விடுமுறையாதலால் என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். அம்மா சித்தப்பாவுக்குப் பக்கத்தில், மாமியும் நானும் பின்னால். மாமி வழக்கம்போலப் பெல்ட்டைக் கையால் பிடித்துக்கொண்டார். நான் மாமியைப் பார்த்தேன். மாமி என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். நான் சித்தப்பாவுக்கு ஓம் என்று பொய் சொன்னேன். உத்தியோகத்தில் நான் சொன்ன முதல் பொய் அது, நெஞ்சுக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது.

கை வலியில் மாமி இரவு முழுக்க நித்திரை கொள்ளவில்லை. பாலத்தைத் தாண்டும்போதே, வலிக்குப் போட்ட குளிசையின் அசதியில் தலை சாய்ந்துவிட்டது. கதவுப் பிடியிலிருந்த கை மடியில் விழுந்தது. பெல்ட் தளர்ந்து தொங்கியது. நான் அதை மெதுவாக இழுத்து, மாமி முழிக்காதபடி மூச்சைப் பிடித்துக்கொண்டு பூட்டினேன். பொய் உண்மையாகிவிட்டது. மாமியைக் காப்பாற்றிவிட்ட சந்தோஷத்தில் அம்மாவிடம் சொல்ல வாய் துடித்தது. அம்மாவும் தூங்கிக்கொண்டிருந்தார்.

இரண்டு பக்கமும் வயல் வந்த இடத்தில், பற்றைக்குள்ளிருந்து மாடுகள் திடுதிப்பென்று றோட்டுக்கு ஏறின. சித்தப்பா பிறேக்கை முழுப் பலத்தோடு மிதித்தார். என் நெஞ்சைப் பெல்ட் இறுக்கிப் பிடித்தது. கார் முன்னால் குனிந்து, ஒரு மாட்டுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. யாருக்கும் கீறல் இல்லை. சித்தப்பா திரும்பி எல்லோரையும் பார்த்தார். மாமியின் நெஞ்சுக்குக் குறுக்கே பூட்டியிருந்த பெல்ட்டைக் கண்டதும் அவருடைய முகம் மலர்ந்தது. பெல்ட் இல்லாவிட்டால் அக்கா இப்போது முன் கண்ணாடியில் என்று சொல்லத் தொடங்கினார்.

மாமிக்கு அது கேட்கவில்லை. முழித்துவிட்டார், ஆனால் அவர் கண் எங்களைக் காணவில்லை. ஒரு சத்தமும் போடாமல் பெல்ட்டை நகத்தால் பிறாண்டினார். மரத்த விரல்கள் வழுக்கின. இழுக்க இழுக்க அது இன்னும் இறுகியது. பிறகு குனிந்து பெல்ட்டைப் பல்லால் கடித்தார். பெரிய ஆள் ஒருவர் அப்படிச் செய்வதை நான் பார்த்ததில்லை. பயத்தில் என் பக்கத்துக் கதவோடு ஒடுங்கிக்கொண்டேன். அம்மா முன்சீட்டிலிருந்து எட்டி மாமியின் தோளைப் பிடித்து, ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னார். சித்தப்பா ஓடிவந்து கதவைத் திறந்து, சிவப்புப் பொத்தானை அழுத்தினார். பெல்ட் ‘கிளிக்’ என்று கழன்று மேலே ஓடியது. மாமி இறங்கி வயல் வரம்பில் இருந்துவிட்டார்.

பயணம் அங்கேயே முடிந்துவிடும் என்றுதான் நினைத்தேன். மாமி வீட்டுக்கு நடந்தே போய்விடுவார், கை அப்படியே போய்விடும், எல்லாம் என்னால்தான். நான்தான் பூட்டினேன் என்று அழுதுகொண்டே சொன்னேன். ஒருவரும் என்னை ஏசவில்லை. சித்தப்பா மாமியிடம் குனிந்தார். எங்கேயாவது அடிபட்டதா என்று கேட்டார். மாமி இல்லை என்று தலையாட்டினார். அவருடைய கண் திறந்திருந்த கதவுக்குள், சீட்டோரத்துச் சிவப்புப் பொத்தானில் இருந்தது.

“இவ்வளவு லேசாக் கழலுமோ?” என்று மாமி கேட்டார்.

கார் பற்றிய கேள்வி என்றதும் சித்தப்பாவுக்கு உயிர் வந்தது. வரம்பில் மாமிக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு, இந்தப் பெல்ட்டைச் செய்தவர் அதைத்தான் பெரிதாக யோசித்தவர் என்று ஆரம்பித்தார். ஆளைப் பிடித்து வைப்பது பெரிய காரியமில்லையாம். அவசரத்தில் ஆளை விடவும் வேண்டுமாம். ஒரு கை உடைந்திருந்தாலும் மற்றக் கையின் ஒரு விரல் போதுமாம்.

“ஒரு சின்னப் பிள்ளையே தன்ரைபாட்டில கழட்டிப்போட்டுப் போகலாம் அக்கா” என்றார்.

அம்மா சட்டென்று முகத்தை வயல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அன்று மத்தியானம் யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தோம். டொக்டர் பீஸை எடுத்தார். ஒரு நெல்மணியைவிடக் கொஞ்சம் பெரிது. சுண்டுவிரலைத் தவிர மற்ற விரல்களுக்கு மெல்ல மெல்ல உணர்வு திரும்பியது. சித்தப்பா தன் கார் அக்காவின் கையைக் காப்பாற்றியதாக இன்றைக்கும் சுவீடனில் சொல்லிக்கொண்டிருக்கிறார். அதில் பிழையும் இல்லை. ஆனால் எனக்கு இப்போதும் நினைவில் நிற்பது அந்த வரம்போரம்தான்.

அங்கே மாமி எழுந்து திரும்பவும் காரில் ஏறினார். பிறகு, உனக்கும் கழட்டத் தெரியுமா என்று என்னிடம் கேட்டார். அழுகை நின்றுவிட்டது எனக்கு. என் பெல்ட்டைப் பூட்டி, ஒரே விரலால் அழுத்திக் காட்டினேன். இன்னொருக்கா என்றார். காட்டினேன். மூன்றாம் தரமும் கேட்டார். அம்மா முன்னாலிருந்து, காணும் பிள்ளை என்று என்னை அதட்டினார். அம்மாவின் குரல் ஏன் அப்படி உடைந்தது என்று எனக்கு விளங்கவில்லை.

“விடு மச்சாள், பிள்ளை காட்டட்டும்” என்றார் மாமி.

பூட்டினேன், கழற்றினேன். மறுபடி பூட்டினேன், கழற்றினேன். மாமி என் விரலை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. மாமிக்கு ஒருவழியாகச் சித்தப்பாவின் கார் பிடித்துவிட்டது என்று நினைத்து, நான் இன்னும் வேகமாகக் கழற்றிக் காட்டினேன்.