இரட்டை எண்களுக்கு ஒற்றுமை உண்டா?

கல்லூரியில் கணக்கு வாத்தியார் வேலை லேசான பிழைப்பு என்பவர்கள், அல்ஜீப்ராவைத் தமிழில் நடத்திப் பார்த்துவிட்டு வந்து பேசட்டும். அறுபதுகளில் கோயம்புத்தூரில் அந்தப் பாக்கியம் எனக்கு வாய்த்தது. என்னோடு சாக்பீஸ் தூசி தின்ற சகாக்களுக்கு மேலே சொல்ல வேண்டியதில்லை.

கிழக்கா, மேற்கா?

'ரிங்' என்றால் வளையம். கூட்டினாலும் கழித்தாலும் பெருக்கினாலும் விடை வெளியே ஓடிவிடாத கூட்டம், அவ்வளவுதான். ஒருமுறை கல்லூரி வாசலில், "இன்று சொற்பொழிவு: பல்லுறுப்புக் கோவை வளையம்" என்று பலகை வைத்தேன். மில் முதலாளி நாயுடு ஒருவர் முன்வரிசையில் வந்து உட்கார்ந்தார். ஒரு மணி நேரமும் தலையாட்டிக் கேட்டார். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. முடிந்ததும் மெதுவாகக் கிட்டே வந்தார்.

"எல்லாம் நல்லாச் சொன்னீங்க. கோவையைச் சுத்தி வர்ற இந்த ரோடு நம்ம மில்லுக்குக் கிழக்கால போகுதுங்களா, மேக்கால போகுதுங்களா?"

பங்காளித் தகராறு

வளையத்துக்குள் ஒன்று என்ற எண் இருந்தால் அதை 'ரிங் வித் யூனிட்டி' என்பார்கள். கலைச்சொல் குழுவில் எந்தப் புண்ணியவானோ அதை 'ஒற்றுமை உள்ள வளையம்' ஆக்கிவிட்டார். இரட்டை எண்களில் ஒன்று கிடையாது. ஆகவே அது ஒற்றுமை இல்லாத வளையம் என்று நான் வகுப்பில் முழங்கிக்கொண்டிருந்தபோது, மாணவன் நாச்சிமுத்துவைப் பார்க்க வெள்ளகோவிலிலிருந்து வந்த அவன் அப்பா வாசலில் நின்றிருக்கிறார்.

"ஏனுங்க சார், பங்காளிக சண்டை வேண்டாமுன்னுதான் பையனை ஊரை உட்டு அனுப்புனேன். இங்கயும் ஒத்துமை இல்லைங்கறீங்களே?"

மூக்குள்ள மாப்பிள்ளை

நாச்சிமுத்து தேறினால் வாத்தியார் வேலைக்குப் போகலாம். இல்லையென்றால் தோட்டத்தில் அண்ணனிடம் ஏச்சு வாங்கிக்கொண்டு மாடு ஓட்ட வேண்டியதுதான். கணக்கில் அவன் எப்போதும் விளிம்பில் நிற்கிறவன். பரீட்சையில் வந்ததோ, "இரட்டை எண்கள் வளையமா?" என்ற கேள்வி. என் புத்தகப்படி வளையம். பக்கத்துக் கல்லூரிப் புத்தகமோ ஒன்று இல்லாததை வளையம் என்றே ஒப்புக்கொள்ளாது. வளையம் என்று எழுதிவிட்டு, பிறகு அந்தப் புத்தகத்தைப் பார்த்த பையன் முகம் வெளுத்து வந்து நின்றான்.

விடைத்தாள் திருத்தும் இடத்தில் தலைமைத் தேர்வாளர், கோபி ஊர்க்காரர், பக்கத்துக் கல்லூரிப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு, வளையம் என்று எழுதியவர்களுக்கு முட்டை போடச் சொன்னார். நான் கேள்வித்தாளை நீட்டினேன். அவர் கொடுத்திருந்த இன்னொரு கேள்வி, "ஒற்றுமை உள்ள ஒரு வளையத்தை எடுத்துக்கொள்க" என்று தொடங்கியது. "எல்லா வளையத்திலும் ஒன்று இருக்குமென்றால் இதை எதற்குத் தனியாகச் சொன்னீர்கள்? மூக்குள்ள மாப்பிள்ளை வேண்டுமென்று யாராவது கேட்பார்களா?" என்றேன். மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சரி உடுங்க. ஆமான்னவனுக்கும் போடுங்க, இல்லைன்னவனுக்கும் போடுங்க. எழுதாம உட்டவனுக்கு மட்டும் போட்டுப்போடாதீங்க."

பாஸான பிறகு

நாச்சிமுத்து மயிரிழையில் தேறினான். ஒரு தார் வாழைப்பழத்தோடு வீட்டுக்கு வந்தான். எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. பழத்தை வைத்துவிட்டுக் கிளம்பாமல் நின்றான்.

"ரொம்ப சந்தோசமுங்க சார். இப்பவாச்சும் சொல்லுங்க, அது வளையந்தானுங்களா?"

பாடம் நடத்திக் கிழித்ததைவிட, எதற்கு என்ன பெயர் என்று மல்லுக்கட்டியதில்தான் எனக்குத் தலை நரைத்தது.