பொட்டு வைத்த பன்னிரண்டு முகங்கள்

கண்ணாடி அறுக்கும் சத்தம் கேட்டால் இன்னமும் எனக்குப் பல் கூசும். கூடவே சந்தன வாசனையும் வந்துவிடும்...

தொண்ணூறுகளின் கடைசி. திருவனந்தபுரம் ஆரியசாலையில் ஒரு ஃபிரேம் கடையில் எனக்கு வேலை. சாமி படம், கல்யாண போட்டோ, இறந்தவர் படம். இவ்வளவுதான் வரும். இறந்தவர் என்றால் கண்ணாடி மேல் சந்தனப் பொட்டு, அதன் நடுவில் குங்குமம், பிளாஸ்டிக் மாலை... எல்லாம் நாங்களே வைத்துக் கொடுப்போம்.

"அழுதுட்டு வாறவங்ககிட்ட போயி பொட்டு வேணுமான்னு கேப்பியா பிள்ளே? நீயா வச்சிரு" என்பார் கடைக்கார அண்ணாச்சி.

அந்த வேலை என்னுடையது. மோதிர விரலால் வைப்பேன்.

எனக்கு அப்போது மூன்றாம் மாசம். காலையில் நெய்யாற்றின்கரையில் பஸ் ஏறி உட்கார்ந்ததுமே தூக்கம் கண்ணைச் சொக்கும். கரமனைப் பாலத்தில் பஸ் குலுங்கினால்தான் முழிப்பு வரும்.

ஒரு நாள் கடைக்கு ஒரு சேச்சி வந்தார். காட்டன் புடவை, நகக்கண்ணெல்லாம் கரி. ஓவியராம். ஓவியர் என்றால் காலண்டருக்கு சாமி வரைகிறவர் என்பதுதான் அன்றைக்கு என் அறிவு! சுருட்டி வைத்திருந்த பன்னிரண்டு தாள்களை நீட்டினார்.

"வீட்டில ஆளுங்க படம் மாட்டுவாங்கல்லோ, அதுபோல இருந்தா மதி, அது போதும்" என்று சொல்லிவிட்டு அவசரமாகப் போய்விட்டார்.

விரித்துப் பார்த்தேன். பன்னிரண்டும் கரியில் வரைந்த முகங்கள். பன்னிரண்டு பேருக்கும் கண் மூடியிருந்தது. வாய் லேசாகத் திறந்து, தலை ஒரு பக்கம் சரிந்து...

அண்ணாச்சியைக் கூப்பிட்டேன்.

அண்ணாச்சி எட்டிப் பார்த்தார். "பஸ்ஸு கிஸ்ஸு கவுந்திருக்கும். பாவம்" என்றார்.

ஒவ்வொன்றாகப் பொட்டு வைத்து மாலை போட்டேன். கடைசிப் படம் ஒரு பெண். முடி விழுந்து பாதி முகத்தை மறைத்திருந்தது. யார் பெற்ற பிள்ளையோ என்று மனசு கேட்கவில்லை. அவளுக்கு மட்டும் பொட்டைக் கொஞ்சம் பெரிதாக வைத்தேன். சாயங்காலம் சேச்சி அனுப்பிய ஆள் எல்லாவற்றையும் பேப்பர் சுற்றி, கண்காட்சி ஹாலுக்கு என்று எடுத்துப் போனார்.

மறுநாள் காலை பஸ்ஸில் தற்செயலாகப் பக்கத்து வரிசையைப் பார்த்தேன். புருவத்தில் வெட்டுத் தழும்பு, மூக்கோரம் மரு. நேற்று நான் பொட்டு வைத்த அதே நெற்றி! கண் மூடியிருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது.

கரமனைப் பாலம் வந்தது. பஸ் குலுங்கியது. அவர் கண்ணைத் திறந்தார்.

"தம்பானூர் ஆயோ?" என்று, ஸ்டாப் வந்துவிட்டதா என என்னிடம் கேட்டார்.

சுற்றிலும் பார்த்தேன். இன்னும் இரண்டு பேர் அந்தப் படங்களிலிருந்து வந்து உட்கார்ந்திருந்தார்கள். கடைக்குக் கிள்ளிப்பாலத்தில் இறங்க வேண்டியவள், மூன்று இறந்தவர்களோடு தம்பானூர் வரை போனேன்.

அங்கிருந்து ஆட்டோ பிடித்து, அந்தக் கண்காட்சி ஹாலுக்கு ஓடினேன். சேச்சி சுவரைப் பார்த்தபடி நின்றிருந்தார். மாலையும் பொட்டுமாகப் பன்னிரண்டு படங்கள்.

"இவங்க மரிச்சவங்க இல்ல கேட்டோ... உறங்குறவங்க. நான் தினமும் போற பஸ்ஸில பாத்து வரைஞ்சது" என்றார். திட்டவில்லை. என்னை ஒரு மாதிரி உற்றுப் பார்த்தார். பிறகு கடைசிப் படத்தைக் காட்டினார்.

முடிக்கு நடுவே ஒரு காது தெரிந்தது. அதில் நடுக்கல் விழுந்துபோன கம்மல்.

என் கை தானாக என் காதுக்குப் போனது. தூங்கும்போது தன் முகம் எப்படியிருக்கும் என்று யாருக்குத் தெரியும்? வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு, என் படத்துக்கு நானே மாலை போட்டிருக்கிறேன்...

சேலைத் தலைப்பால் அந்தப் பொட்டைத்தான் முதலில் துடைத்தேன்.

"பொட்டோட இருக்கட்டும்னு தோணிச்சு எனக்கு" என்றார் சேச்சி, மெதுவாக.

"வேண்டாம் சேச்சி, வயித்துல பிள்ள இருக்கு" என்று அழுதேன். அவர் மற்ற பதினொன்றையும் என்னோடு சேர்ந்து துடைத்தார்.

அப்புறம் பிள்ளை பிறக்கும்வரை பஸ்ஸில் நான் கண் மூடவே இல்லை. அந்தப் பதினொரு பேரையும் தேடிக்கொண்டே இருப்பேன். பத்துப் பேரைத்தான் பார்த்தேன். மற்றவர் வேறு பஸ்ஸுக்கு மாறியிருப்பார் என்று இன்றைக்கும் சொல்லிக்கொள்கிறேன்...

ஆனால் அன்றிலிருந்து ஊரில் எந்த ஓவியக் கண்காட்சி நடந்தாலும் போய்விடுவேன். கொஞ்சம் பயந்துகொண்டேதான். நம் முகம் எந்தச் சுவரில் இருக்கிறதோ, யார் கண்டது?

இப்போது பஸ்ஸில் யார் தூங்குகிறார்கள்? எல்லார் முகமும் போனுக்குள்ளே. வரைய வேண்டுமென்றால் உச்சந்தலையைத்தான் வரைய வேண்டும்.

மகள் பிறந்தபோது சேச்சி அந்தப் படத்தை எனக்கே கொடுத்துவிட்டார். எங்கள் ஹாலில் தொங்குகிறது. போன வாரம் மகள் அதைத் துடைத்துக்கொண்டே விளையாட்டாய்ச் சொன்னாள்:

"எவ்வளவு நிம்மதியா உறங்குற பாரும்மா! உன் காலத்துக்குப் பின்னாடி மாட்டுறதுக்கு வேற போட்டோவே தேட வேண்டாம். இது மதி."

எனக்குப் பயமே வரவில்லை. சிரித்துவிட்டேன்.

"சரி மக்ளே. பொட்டு மட்டும் நீ வை. நான் ஒரு தடவ வச்சுப் பாத்தாச்சு."