குரங்கு எடுத்துப்போன ஸ்டிக்கர்

அம்மாவின் டப்பாவைக் காலி செய்தது நான்தான். அதிலிருந்து ஒரு ரூபாய்கூட நான் எடுத்ததில்லை என்பது வேறு விஷயம். எடுத்திருந்தால் முதுகில் இரண்டு அடியோடு முடிந்திருக்கும். நான் செய்தது பள்ளிக்கூடத்தில் கைதட்டல் வாங்கிக் கொடுக்கிற வகை நல்ல காரியம். அதற்கெல்லாம் யாரும் அடிப்பதில்லை. அதனால் அது ஒரு கோடை விடுமுறை முழுக்கத் தடையில்லாமல் நடந்தது.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தேன். ஏற்காட்டில் கரடியூர் வியூ பாயிண்டுக்குப் போகிற பாதையில் அம்மா ஒரு கடை போட்டிருந்தாள். கடை என்றால் இரண்டு பலகை, ஒரு பெரிய குடை, ஒரு சாக்கு. மாங்காயைக் கீறி உப்பும் மிளகாய்த்தூளும் போட்டுத் தருவாள். பலாச்சுளை, வெள்ளரிக்காய், வேகவைத்த சோளக்கதிரும் உண்டு. விற்ற பணத்தில் வீட்டுச் செலவுக்கானதை இடுப்புப் பையில் வைத்துக்கொண்டு, பத்தும் இருபதுமாகச் சில நோட்டுகளை மட்டும் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் போடுவாள். அப்பாவுக்கு அந்த டப்பா தெரியும். அதில் என்ன இருக்கிறது என்று அவர் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

அது எதற்கென்று எனக்கும் அன்று தெரியாது. கேட்கிறவர்கள் தவிக்க வேண்டாம், இப்போதே சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு ஒரு தங்கை. அப்பாவின் தம்பிக்கென்று பேசி, தாம்பூலம் மாற்றி, சேலையும் எடுத்து வைத்திருந்த நேரத்தில், நாகலூர் எஸ்டேட்டில் வேலை செய்யும் ஒருவரோடு போய்விட்டார். அந்த ஆளுடையது மலைக்குக் கீழே இருந்து பிழைக்க வந்த குடும்பம். நாங்கள் தலைமுறை தலைமுறையாக மலையிலேயே காடு தோட்டம் வைத்திருக்கிறவர்கள் என்று எங்கள் பெரியப்பாவுக்கு ஒரு கெத்து. அந்தப் பெண்ணோடு ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று அவர் சொல்லிவிட்டார். எனக்கு அப்போது மூன்று வயதுகூட ஆகவில்லை. அப்படி ஒரு சித்தி இருப்பதே தெரியாமல் வளர்ந்தேன். அம்மா மட்டும் வருடத்துக்கு ஒருமுறை, சேர்வராயன் கோயில் திருவிழாக் கூட்டத்தில், வளையல் கடைப் பக்கம் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வருடம் சித்திக்கு முதல் குழந்தை பிறந்திருந்தது. பிறந்த வீட்டிலிருந்து குழந்தைக்கு வெள்ளிக் காப்பு போக வேண்டும். சித்திக்குப் பிறந்த வீடு என்று மிச்சமிருந்தது என் அம்மா மட்டும்தான். டப்பாவில் சேர்ந்துகொண்டிருந்தது அந்தக் காப்பு.

ஏப்ரல் தொடக்கத்தில் முதுகில் பை மாட்டிய ஓர் அண்ணன் பைக்கில் வந்து இறங்கினார். சதுரத்துக்குள் எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு படம் அச்சடித்த ஸ்டிக்கரைக் காட்டி, இதை ஒட்டிவிட்டால் சில்லறைத் தொல்லையே கிடையாது, வருகிறவர்கள் போனில் காட்டிப் பணம் போட்டுவிடுவார்கள் என்றார். அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது என்ற பேருல போட முடியாதுங்களா தம்பி?"

"உங்க பட்டன் போனுல முடியாதுங்க்கா. அண்ணன் நம்பரைக் குடுங்க. யாரு பேருல இருந்தா என்னங்க, ஒரே ஊடுதான?"

ஒரே வீடுதான். அதனால் அப்பா பேரில் போட்டார்கள்.

அப்பா ஓர் எஸ்டேட்டில் ஜீப் ஓட்டினார். பகல் முழுக்க அவர் போன் அவரோடு மலை சுற்றிக்கொண்டிருக்கும். வாங்குகிறவர்கள் பணம் போட்டார்களா என்று கடையில் பார்க்க ஓர் ஆள் வேண்டும். அம்மாவுக்கு இங்கிலீஷ் வராது. எனக்கு ஐந்தாம் வகுப்பு இங்கிலீஷ் வரும். அப்படித்தான் எனக்கு அந்த உத்தியோகம் கிடைத்தது. வந்தவர்கள் போனை என் முகத்துக்கு நேரே நீட்டுவார்கள். அப்பா பேரும் தொகையும் சரியாக இருந்து பச்சை டிக் விழுந்தால்தான் மாங்காயைக் கையில் கொடுக்க விடுவேன். பெங்களூரிலிருந்து காரில் வந்த பெரிய மனிதர்கள்கூட நான் தலையாட்டும்வரை நின்றார்கள். அந்த வயதில் அதைவிடப் பெரிய பதவி எனக்குத் தெரியாது.

சாயங்காலம் அப்பா வந்ததும் ஒரு கச்சேரி நடக்கும். முகம் கழுவி, காப்பி டம்ளரோடு உட்கார்ந்து, அன்றைக்கு வந்த மெசேஜ்களை ஒவ்வொன்றாகச் சத்தமாக வாசிப்பார். தொகையைவிட அவருக்குப் பெயர்கள்தான் பிடிக்கும். இவர் யார், மீசை வைத்தவரா, உப்பு இன்னும் கேட்டாரே அந்த அம்மாவா என்று கேட்பார். நான் நடித்துக் காட்டுவேன். இரண்டு பேரும் சிரிப்போம். அம்மா அரிசி களைந்துகொண்டே கேட்டிருப்பாள், சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிக்கவும் செய்வாள். மளிகைக்கோ கேஸுக்கோ வேண்டியபோது அப்பா முகம் சுளிக்காமல் எடுத்துக் கொடுத்தார். "எதுக்கு?" என்று மட்டும் ஒரு வார்த்தை கேட்பார். கோபமாக இல்லை, சும்மாதான். எல்லாவற்றையும் எதுக்கு என்று கேட்பது அவர் சுபாவம். ஆனால் அம்மாவால் அதற்கு எல்லா நேரமும் பதில் சொல்ல முடியாதே.

ஒரு வாரத்தில் இடுப்புப் பை இளைத்துவிட்டது. டப்பாவுக்குள் நோட்டு விழுவது நின்றுபோனது. அப்போதுதான் ஸ்டிக்கருக்கு ஒவ்வொரு ஆபத்தாக வர ஆரம்பித்தது.

முதலில் மழை வரப்போகிறது என்று அம்மா அதைக் கழற்றிச் சாக்குக்குள் வைத்தாள். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. நான் எடுத்து மறுபடி ஒட்டினேன். பிறகு நான் தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில் அதன் மேல் சோளக்கதிர்கள் ஏறி உட்கார்ந்திருந்தன. இறக்கி வைத்தேன். இன்னொரு நாள், "இங்க சிக்னல் கெடைக்காதுங்க" என்று ஒருவரிடம் பணிவாகச் சொன்னாள். அந்த மனிதர் அப்போது சென்னையில் இருந்த தன் மனைவிக்குப் போனில் பள்ளத்தாக்கைக் காட்டிக்கொண்டிருந்தார். நான் குறுக்கே விழுந்து, "நல்லா கெடைக்குமுங்க, நீங்க ஸ்கேன் பண்ணுங்க" என்றேன். அவர் என் கன்னத்தைத் தட்டிப் பாராட்டினார்.

கடைசியாக ஒரு காலையில் ஸ்டிக்கரையே காணோம். குரங்கு தூக்கிக்கொண்டு போய்விட்டதாக அம்மா சொன்னாள். ஏற்காட்டில் இதை நம்பாதவர் கிடையாது. கைப்பை, கண்ணாடி, குழந்தையின் தொப்பி எல்லாம் போயிருக்கின்றன. அன்று பணமில்லை என்று திரும்பிப் போனவர்கள் நிறைய. அம்மா அதைப் பொருட்படுத்தவில்லை. மூன்று பேர் போனால் நாலாவது ஆள் பர்ஸின் மூலையில் மடிந்து கிடந்த ஒரு நோட்டைத் தேடி எடுப்பார். அதற்காகக் காத்திருந்தாள். நான்கு நாள் அப்படி ஓடியது. டப்பாவும் கொஞ்சம் தேறியிருக்க வேண்டும், அம்மா வேலைக்கு நடுவே பாட்டு முணுமுணுத்தாள்.

ஐந்தாம் நாள் பலாப்பழத்தை நகர்த்தியபோது அடியிலிருந்த சாக்கு மடிப்பில் ஸ்டிக்கரைக் கண்டுபிடித்தேன். சாயங்காலக் கச்சேரிக்கு அன்று ஒரே மெசேஜ்தான் வந்திருந்தது, அதுவும் போன் கம்பெனி அனுப்பியது. வியாபாரம் ஏன் படுத்துவிட்டது என்று அப்பா கேட்டார். அரசாங்க ரகசியம் சொல்கிற தோரணையில் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"கொரங்கு எடுக்கலீங்கப்பா. அம்மாதான் சாக்குக்குள்ள வெச்சு, மேல பலாப்பழத்தையும் வெச்சிருக்காங்க."

அம்மா அரிசிப் பாத்திரத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. களைந்த அரிசியையே மறுபடி களைந்தாள். அப்பா அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "உங்கம்மாளுக்குப் போனைக் கண்டா நொம்ப பயம் கண்ணு" என்று சிரித்தார். மறுநாள் டவுனில் அதை லேமினேஷன் செய்து கொண்டுவந்து பலகையில் நாலு பக்கமும் ஆணி அடித்தார். நான் ஆணி எடுத்துக் கொடுத்தேன். அம்மா என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் என் தலையைப் பின்னிவிடும்போது, "நீ கெட்டிக்காரி சாமி" என்று மட்டும் சொன்னாள். அந்தப் பாராட்டை ரொம்ப நாள் பத்திரமாக வைத்திருந்தேன். இப்போது நினைத்தால் முகம் சூடாகிறது.

திருவிழா வந்தது. அன்று காலை அம்மா டப்பாவைத் திறந்து பார்த்தாள், மூடினாள், மறுபடி திறந்து பார்த்தாள். நோட்டு வராத நாட்களில் சரக்குக்கு அதிலிருந்தே எடுத்ததில் மிஞ்சியது சில பத்து ரூபாய்தான், காப்புக்கு அது எட்டாது என்று எண்ணாமலே தெரிந்திருக்கும்.

வழக்கமாக அப்பா ஜீப்பைக் கோயிலுக்குக் கொஞ்சம் தள்ளி நிறுத்திவிட்டு அங்கேயே இருந்துவிடுவார். கூட்டம் ஆகாது என்பார். என்னையும் தன்னோடு வைத்துக்கொண்டு பஞ்சு மிட்டாய் வாங்கிக் கொடுப்பார். அம்மா மட்டும் போய்க் கும்பிட்டுவிட்டு, எதையோ பார்த்துவிட்டு, மெதுவாக வருவாள். அந்த வருடம் அவர் தன் போனை என் கையில் கொடுத்து, அம்மாவுக்கு ஏதாவது வாங்க வேண்டுமென்றால் நீயே ஸ்கேன் பண்ணிக் கொடு என்று அனுப்பினார். ரகசிய எண் எனக்குத் தெரியும், என் பிறந்தநாள்தான். அம்மா வேண்டாமென்று எவ்வளவோ சொன்னாள். நான் முன்னால் நடந்துகொண்டிருந்தேன்.

வளையல் கடையில் ஒரு பெண் குழந்தையோடு நின்றிருந்தார். அம்மா கிட்டே போனதும் இருவரும் கையைப் பிடித்துக்கொண்டார்கள். யாரென்று கேட்டேன். நாகலூர் எஸ்டேட்டு அக்கா என்றாள் அம்மா. அந்த அக்கா என் முகத்தை இரண்டு கையாலும் ஏந்திப் பார்த்தார். எனக்குக் கூச்சமாக இருந்தது.

"காப்பு இந்த வாட்டி முடியல கண்ணு" என்று அம்மா மெல்லச் சொன்னாள்.

"நீ வந்தியே, அது போதும்க்கா."

அம்மா கறுப்பு வளையல் நாலு எடுத்துக் குழந்தையின் கையில் போட்டாள். கடைக்காரர் நூற்றி இருபது என்றார். அம்மாவின் மடியில் இருந்தது அவ்வளவு இல்லை. அவள் வளையலைக் கழற்றப் போனாள். கடையிலும் ஒரு ஸ்டிக்கர் தொங்கியது. என் உத்தியோகத்துக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் ஏது? அவள் திரும்புவதற்குள் ஸ்கேன் செய்து, எண்ணைப் போட்டு, பச்சை டிக்கை எல்லாருக்கும் காட்டிவிட்டேன்.

அம்மா சட்டென்று என் கையிலிருந்த போனைத் தாழ்த்தினாள். கூட்டத்துக்கு நடுவே குனிந்து, "அப்பாகிட்டச் சொல்லாத சாமி" என்றாள். சொல்லாமல் இருந்து பிரயோஜனமில்லை, மெசேஜ் போனிலேயே இருக்கும், தேதி நேரம் எல்லாம் விழுந்திருக்கும் என்று நான் அவளுக்கு விளக்கினேன்.

எனக்கோ வேறு கவலை. அப்பா தானே மெசேஜைப் பார்த்து, நான்தான் ஏதோ வாங்கித் தின்றுவிட்டேன் என்று நினைத்துவிட்டால்? அம்மா கூப்பிடக் கூப்பிட, கூட்டத்தில் புகுந்து ஜீப்புக்கு ஓடினேன். அவர் துணியால் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, அம்மா யாரோ ஒருத்தங்க கொழந்தைக்கு வளையல் வாங்கிக் குடுத்துட்டாங்க. நூத்தி இருவது ரூவா. உங்க காசுங்க."

"யாரு?"

"நாகலூர் எஸ்டேட்டு அக்காவாம். மூக்கு மட்டும் நம்ம அம்மா மாதிரியே இருக்குது."

அவர் துடைப்பதை நிறுத்தினார். எதுக்கு என்று கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை.

"என்ன கொழந்தை?"

"பொம்பளப் புள்ளைங்க."

"கையில காப்பு கெடந்துச்சா?"

"இல்லீங்க, அம்மா போட்ட வளையல் மட்டுந்தானுங்க."

நான் பணத்தைப் பற்றிச் சொல்கிறேன், இவர் கையைப் பற்றிக் கேட்கிறார். இப்படி இருந்தால் எப்படிக் காசு நிற்கும் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. அதற்குள் அம்மா வந்துவிட்டாள். தேங்காய்ப் பையைப் பிடித்தபடி ஜீப்புக்குப் பத்தடி தள்ளியே நின்றாள். அப்பா அவளைப் பார்த்துவிட்டு என்னிடம் குனிந்தார்.

"அந்தக் கை எவ்வளவு பெருசு இருக்கும் கண்ணு? காட்டு பாக்கலாம்."

கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து வளையம் செய்து காட்டினேன். இன்னும் கொஞ்சம் சின்னதா என்று கேட்டார். சுருக்கிக் காட்டினேன். அவர் தன் விரல் இரண்டைச் சட்டையில் துடைத்துக்கொண்டு அந்த வளையத்துக்குள் மெதுவாக நுழைத்து, அப்படியே வைத்திருந்தார். அளவெடுக்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை. விளையாடுகிறார் என்று நினைத்து, சிரித்துக்கொண்டே அவர் விரலை இறுக்கிப் பிடித்தேன்.